சாம்பலைப் பிரிக்கும் நெய்யரி

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் பாய்ச்சப்பட்ட ஒரு சிறு எரிபொருள் உருண்டையிலிருந்து 3.15 மெகாஜூல் ஆற்றல் வெளிப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் கல்ஹாமில் இருந்த ஜெட் என்னும் டோக்கமாக் கருவி, 0.2 மில்லிகிராம் எரிபொருளைக் கொண்டு 69 மெகாஜூல் ஆற்றலை ஈன்றது. இரண்டு செய்திகளையும் நாம் ஆவலுடன் படித்தோம். சூரியனை மண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற தொனியிலேயே பெரும்பாலான கட்டுரைகள் எழுதப்பட்டிருந்தன. எரிந்தது எவ்வளவு என்பதைப் பேசினார்கள். எரியாமல் மிஞ்சியது எங்கே போயிற்று, அதை எவ்வாறு மீட்டார்கள் என்பதைப் பேசியவர் மிகச் சிலர்.

அணுக்கரு இணைவின் எதிர்காலத்தை அதன் தீயைக் கொண்டு கணிப்பது பிழை என்பது நம் கருத்து. அத்தீயின் சாம்பலிலிருந்து எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைக் கொண்டே அதனைக் கணிக்க வேண்டும். இலக்கிய ஏட்டின் வாசகருக்கு இஃது ஏன் என்ற கேள்வி எழலாம். அறிவியல் குறித்த நம் பேச்சு பெரும்பாலும் உவமைகளால் ஆனது. 'பூமியில் ஒரு சூரியன்' என்பதும் ஓர் உவமையே. உவமை தவறினால் எதிர்பார்ப்பும் தவறும். உவமையைச் சோதிப்பது நம் தொழில்.

முதலில் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஹைட்ரஜனுக்கு மூன்று ஐசோடோப்புகள் உண்டு. சாதாரண ஹைட்ரஜன் முதலாவது; கனநீரில் இருக்கும் டியூட்டீரியம் இரண்டாவது; கதிரியக்கம் உடைய டிரிட்டியம் மூன்றாவது. பின்னிரண்டும் பத்துக் கோடி பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இணையும்போது ஒரு ஹீலியம் அணுக்கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் கொண்டுசெல்கிறது. எஞ்சிய ஒரு பங்குடன் ஹீலியம் பிளாஸ்மாவிலேயே தங்கி அதனைச் சூடாக வைத்திருக்கிறது. தன் ஆற்றலைக் கொடுத்துவிட்ட ஹீலியத்தால் பின்னர் யாதொரு பயனும் இல்லை. அது பெருகினால் எரிபொருள் நீர்த்துப்போகும், இணைவு தளரும். ஆகவே ஆய்வாளர்கள் அதனைச் சாம்பல் என்றே அழைக்கின்றனர். அதை இடையறாது வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உலைக்குள் செலுத்தப்படும் டிரிட்டியத்தில் மிகச் சிறு பங்கே எரிகிறது. தெற்கு பிரான்சின் கடராஷில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலையில் இது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் என்றே கணக்கிட்டுள்ளனர். அடுப்பில் நூறு விறகு வைத்து, அவற்றுள் ஒன்று மட்டும் எரிந்து, மற்றத் தொண்ணூற்றொன்பதும் சாம்பலோடு கலந்து புகைபோக்கி வழியே வெளியேறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளியேறிய விறகைப் பிடித்து, சாம்பலை உதறி, மீண்டும் அடுப்பில் இட வேண்டும். அதுவும் அடுப்பு அணையும் முன் செய்தாக வேண்டும்.

விறகு மலிவென்றால் போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். டிரிட்டியம் மலிவன்று. இயற்கையில் அது மிக அரிது. இன்று கிடைப்பது பெரும்பாலும் கனடா போன்ற நாடுகளின் கனநீர் அணு உலைகளில் துணை விளைபொருளாகத் தோன்றுவது. உலகெங்கும் குடிசார் பயன்பாட்டுக்குக் கிடைக்கக்கூடிய இருப்பு 25 கிலோ அளவில் இருக்கும் என மதிப்பிடுகின்றனர். அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஒரு கிகாவாட் இணைவு ஆற்றலை ஓராண்டு முழுவதும் தரும் உலை எரிக்கும் டிரிட்டியமோ ஏறத்தாழ 55.6 கிலோ.

இந்த எண்ணை நாட்கணக்குக்குக் கொண்டுவந்து பார்த்தோம். நாளொன்றுக்கு 152 கிராம் எரிகிறது. நூற்றுக்கு ஒரு பங்கே எரியும் எனக் கொண்டால், நாள்தோறும் உலைக்குள் செலுத்த வேண்டியது 15 கிலோவுக்குச் சற்று மேல். வெளிவரும் வாயுவைத் துப்புரவு செய்து திரும்ப அனுப்ப ஒரு நாள் ஆகுமென்றால், அந்தப் பதினைந்து கிலோவும் எந்நேரமும் குழாய்களிலும் கலன்களிலும் கிடக்கும். உலகின் இருப்பில் பாதிக்கு மேல் ஒரே ஓர் உலையின் குழாய்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் என்பது இதன் பொருள். அதே துப்புரவை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால் கிடப்பது 630 கிராம் மட்டுமே. இணைவு உலைகள் உலகில் ஒன்றோடு நிற்குமா, பலவாகப் பெருகுமா என்பதைத் தீர்மானிப்பதில் இந்த ஒரு நாளுக்கும் ஒரு மணிக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வேறுபாடு பிரிக்கும் பொருளின் திறத்தைப் பொறுத்தது.

அந்தப் பொருளுக்குச் சவ்வு என்று பெயர். சவ்வு என்றதும் முட்டை ஓட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய தோலும் செவிப்பறையும் நம் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது பல்லேடியம் என்னும் உலோகம். அதனோடு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வெள்ளியைக் கலந்து, தலைமயிரின் தடிமன் அளவே சுவர் கொண்ட குழாய்களாக இழுக்கிறார்கள். முந்நூறு முதல் நானூறு பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, உலையிலிருந்து வந்த கலவையை ஒருபுறம் செலுத்தினால், மறுபுறம் ஹைட்ரஜன் வகைகள் மட்டும் வந்து சேரும். ஹீலியமும் பிற மாசுகளும் இப்புறமே நின்றுவிடும்.

இதைச் சல்லடை என்று சொல்லிவிட நா எழுகிறது. சல்லடையில் சிறியது விழும், பெரியது நிற்கும். இங்கே நடப்பது அதற்கு மாறு. ஹீலியத்தின் விட்டம் 0.26 நானோமீட்டர்; ஹைட்ரஜன் மூலக்கூறின் விட்டம் 0.289 நானோமீட்டர். சிறியது நிற்கிறது, பெரியது கடக்கிறது. காரணம், அந்த உலோகத்தில் துளையே இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகப் பரப்பில் படிந்து இரண்டு தனி அணுக்களாக உடைகிறது. உடைந்த அணுக்கள் நீரில் உப்பைப் போல உலோகத்துள் கரைகின்றன. உலோக அணுக்களின் இடைவெளிகளில் தாவித்தாவி மறுபுறம் சேர்ந்து, அங்கே மீண்டும் இணைந்து மூலக்கூறாகி வெளியேறுகின்றன. ஹீலியம் எதனோடும் சேராத மந்த வாயு. அதற்கு உடையவும் தெரியாது, கரையவும் தெரியாது. எனவே அதற்கு வழியும் இல்லை.

இந்த உண்மை புதியதன்று. 1866இல் தாமஸ் கிரஹாம், வாயுக்கள் மெல்லிய தடுப்புகளின் ஊடே செல்வதைப் பற்றி எழுதிய ஆய்வுரையில் ஒரு பகுதியை ரப்பருக்கும் மறுபகுதியைச் சூடேற்றிய உலோகங்களுக்கும் ஒதுக்கினார். பல்லேடியம் தன் பருமனைப் போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதை அவர் கண்டார். அணுக்கரு என ஒன்று உண்டென்றே அறியாத காலம் அது. டிரிட்டியம் அறியப்பட்டது 1930களில். ஆக, நோய்க்கு மிக முன்னரே மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எதற்குப் பயன்படும் என்று கேளாமல் ஒருவர் செய்த வேலை இது. உடனடிப் பயனை மட்டுமே நிதிக்கு அளவுகோலாகக் கொள்வோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகையாகப் பகுக்கிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் தலைமாணாக்கருக்கு உவமை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் நெய்யரி கடைமாணாக்கருக்கு உவமை. ஆண்டுதோறும் வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நெய்யரியை இகழ்ந்தே பேசி வந்திருக்கிறோம். பல்லேடியச் சவ்வைப் பற்றிப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது அன்னமன்று, நெய்யரிதான். அதுவும் நல்லதைப் போகவிட்டுக் கசட்டைத் தன்பக்கம் நிறுத்துகிறது. வேறுபாடு ஒன்றுதான்: கீழே ஒரு பாத்திரம் காத்திருக்கிறது. நெய் உருக்குபவரின் பார்வையில் நெய்யரியைப் போல உதவுவது வேறில்லை.

ஆனால் இந்த நெய்யரிக்கும் நோய்கள் உண்டு. தூய பல்லேடியம் முந்நூறு பாகைக்குக் கீழே ஹைட்ரஜனை ஏற்கும்போது ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுகிறது. அப்போது அதன் பருமன் ஏறத்தாழப் பத்து விழுக்காடு பெருகும். சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் வீங்கிச் சுருங்கிக் கடைசியில் வெடித்துப்போகும். வெள்ளியைக் கலப்பது இதைத் தடுக்கவே. கார்பன் மோனாக்சைடும் கந்தகச் சேர்மங்களும் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜன் உடைய இடமில்லாமல் செய்கின்றன. மூன்றாவது நோய் சற்று விந்தையானது. கரைந்து செல்லும் டிரிட்டியத்தில் ஒரு சிறு பகுதி உலோகத்தின் உள்ளேயே சிதைந்து ஹீலியம்-3 ஆகிறது. வெளியிலிருந்து நுழைய முடியாத ஹீலியம் உள்ளேயே பிறந்துவிடுகிறது. வெளியேறவும் வழியின்றி நுண்குமிழிகளாகத் திரண்டு உலோகத்தை இறுகச் செய்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. உலையிலிருந்து வரும் டிரிட்டியம் எல்லாம் தனி வாயுவாக வருவதில்லை. ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகவும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகவும் ஒளிந்து வருகிறது. அந்தச் சேர்மங்களைச் சவ்வு கடத்தாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள டிரிட்டியம் ஆய்வகத்தார் இதற்குப் பெர்ம்கேட் என்ற உலையை உருவாக்கினர். பல்லேடியக் குழாயின் ஒருபுறம் வினையூக்கியை இட்டு மாசு வாயுவைச் செலுத்துகிறார்கள். மறுபுறம் எதிர்த்திசையில் சாதாரண ஹைட்ரஜனை அனுப்புகிறார்கள். அந்த ஹைட்ரஜன் சவ்வின் ஊடே வந்து மீத்தேனிலும் நீரிலும் உள்ள டிரிட்டியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதனை விடுவிக்கிறது. விடுபட்ட டிரிட்டியம் சவ்வைக் கடந்து போகிறது. ஆள்மாற்றி ஆளை மீட்கும் உத்தி என்று இதைச் சொல்லலாம்.

சவ்வால் ஆகாத வேலையையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன், டியூட்டீரியம், டிரிட்டியம் மூன்றும் பல்லேடியத்தைக் கடக்கும். எடை மிகுந்தது சற்று மெதுவாகச் செல்லுமே தவிர, ஒன்றையொன்று முழுமையாகப் பிரியா. உடன்பிறந்தோரை வேறு பிரிக்கக் கடுங்குளிர் வேண்டும். அவற்றின் கொதிநிலைகள் முறையே 20.4, 23.7, 25 கெல்வின். இந்தச் சிறு இடைவெளியைப் பற்றிக்கொண்டு, உயர்ந்த கோபுரங்களில் அவற்றைத் திரவமாக்கிக் காய்ச்சி வடிக்கின்றனர். நம்பகமான முறைதான். எனினும் மெதுவானது. கோபுரத்தில் எப்போதும் கணிசமான டிரிட்டியம் திரவமாகத் தேங்கி நிற்கும். மேலே நாம் போட்ட மணிக்கணக்கை நினைவுகூர்ந்தால் இத்தேக்கத்தின் விலை புரியும்.

வாயுவை உலையிலிருந்து இழுக்கும் இடத்திலும் இதே தேக்கம் இருக்கிறது. ஈட்டரின் உறைபம்புகளில் 4.5 கெல்வின் குளிரில் வைத்த தகடுகள் மீது கரி பூசியிருக்கிறார்கள். ஹீலியம் அந்தக் கரியில் ஒட்டிக்கொள்கிறது. அது தேங்காய்ச் சிரட்டைக் கரி என்பதை அறிந்தபோது நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் கரி நிறைந்ததும் பம்பை நிறுத்திச் சூடேற்றி வாயுவை விடுவிக்க வேண்டும். அதுவரை டிரிட்டியமும் அதனுள் சிறையிருக்கும்.

இதற்கு மாற்றாக வளர்ந்துவரும் ஒரு சிந்தனையே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. எரியாத எரிபொருளை ஒவ்வொரு முறையும் ஐசோடோப்பு வாரியாகப் பிரித்தாக வேண்டுமா? டியூட்டீரியமும் டிரிட்டியமும் கலந்தே மீண்டும் உள்ளே போகப்போகின்றன. ஹீலியத்தை மட்டும் உலையின் வாசலிலேயே ஒதுக்கிவிட்டுக் கலவையின் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பினால் என்ன? கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் முன்வைக்கும் இந்த நேர் மறுசுழற்சித் திட்டத்தின் நடுநாயகம் நியோபியம் அல்லது வனேடியத்தால் ஆன தகடு. அதன் முன்னே ஒரு சிறு பிளாஸ்மாவை உண்டாக்கி ஹைட்ரஜனை அணுக்களாக உடைத்து ஆற்றலூட்டுகிறார்கள். அவ்வணுக்கள் தகட்டைத் துளைத்ததுபோல் கடந்து, அழுத்தம் மிகுந்த மறுபுறத்துக்கும் போய்ச்சேர்கின்றன. லிவ்ஷிட்ஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் நெடுங்காலம் ஆராய்ந்த நிகழ்வு இது. தகட்டின் மேற்பரப்பில் ஆக்சிஜன் போன்ற மாசு ஓரணு அடுக்காகப் படிந்திருப்பது இங்கே நன்மையாகிறது. உள்ளே போன அணு வந்த வழியே திரும்பாதபடி அது காவல் நிற்கிறது. பல்லேடியத்துக்கு நஞ்சானது நியோபியத்துக்குக் காவலாகிறது.

ஹீலியமும் டிரிட்டியமும் கலந்து நிற்கும் இன்னொரு இடமும் இருக்கிறது. உலை தனக்கு வேண்டிய டிரிட்டியத்தைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள லித்தியப் போர்வையில் நியூட்ரான் மோதும்போது டிரிட்டியம் பிறக்கும். சில வடிவமைப்புகளில் அதனை வாரி எடுத்துவர ஹீலியத்தையே ஓடவிடுகிறார்கள். பெருவெள்ளமான ஹீலியத்தில் சிறு துளியாக டிரிட்டியம். இங்கே முதற்கட்டமாகச் செறிவூட்டச் சியோலைட்டுச் சவ்வுகளை ஆராய்ந்துள்ளனர். சியோலைட்டு உண்மையான சல்லடை, துளைகள் கொண்டது. அதனாலேயே, அளவில் நெருங்கிய ஹீலியத்தையும் ஹைட்ரஜனையும் அதனால் முற்றாகப் பிரிக்க இயலவில்லை. எரிந்த ஒவ்வொரு அணுவுக்கும் ஈடாக ஒன்றுக்குச் சற்று மேல் விளைந்தால்தான் கணக்கு நேராகும். அந்தச் 'சற்று' மிக மெல்லியது. பிரிக்கும்போது இழப்பது அனைத்தும் அதிலிருந்தே கழியும்.

முதலில் தீ மூட்டட்டும், சாம்பலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் ஞாயம் இல்லாமல் இல்லை. தீயே மூளாவிட்டால் சாம்பல் ஏது? எனினும் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1997இல் ஜெட் கருவி 16 மெகாவாட் என்னும் உச்சத்தை எட்டியபோது அவ்வளாகத்தில் இருந்த டிரிட்டியம் 20 கிராம் மட்டுமே. அதையே மீண்டும் மீண்டும் துப்புரவு செய்து, ஏறத்தாழ 100 கிராம் அளவுக்கு வழங்கினர். அந்தச் சாதனைக்குப் பின்னே வாயுத் துப்புரவுக் கூடம் ஒன்று ஓயாது உழைத்தது. 16 மெகாவாட்டை எல்லோரும் எழுதினார்கள். அந்த ஐந்து சுற்றுகளை எழுதியவர் யார்?

இன்று நிலைமை சற்று மாறி வருகிறது. கனடாவின் சாக் ரிவரில், எரிபொருள் சுழற்சி முழுவதையும் உண்மையான டிரிட்டியத்தைக் கொண்டே சோதிக்கும் யூனிட்டி-2 என்ற அமைப்பைக் கியோட்டோ ஃபியூஷனியரிங் நிறுவனமும் கனடிய அணு ஆய்வகங்களும் சேர்ந்து உருவாக்க முனைந்துள்ளன. வரவேற்கத்தக்கது. 2024இல் திருத்தப்பட்ட கால அட்டவணைப்படி ஈட்டர் டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிப்பைத் தொடங்குவது 2039இல். ஈட்டரின் ஏழு உறுப்பினருள் இந்தியாவும் ஒன்று. அதன் மாபெரும் குளிர்கலன் குஜராத்தின் ஹசீராவில் உருவானது. ஆகவே இது நமக்கு அயலார் வீட்டுச் செய்தியும் அன்று. சில ஆண்டுகளிலேயே மின்சாரம் தருவோம் என்று டிரிட்டியத்தை நம்பி உறுதி கூறும் தனியார் நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. செலுத்தும் டிரிட்டியத்தில் எத்தனை பங்கு எரியும்? எரியாதது எத்தனை மணியில் திரும்பும்? ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு தொலையும்?

மூன்றாம் கேள்வி உலைக்கு வெளியே வாழ்வோரையும் தொடுகிறது. டிரிட்டியம் ஹைட்ரஜனின் உடன்பிறப்பு; ஹைட்ரஜன் செல்லும் இடமெல்லாம் செல்லும். சூடான எஃகிலும் ஊடுருவும், நீரோடு நீராகவும் கலக்கும். பிரித்து ஒதுக்கிய ஹீலியம் முடிவில் புகைபோக்கி வழியே வானுக்குப் போகும்போது அதனோடு டிரிட்டியம் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்வது சவ்வும் அதைத் தொடரும் கருவிகளுமே. தூய ஆற்றல் என்ற சொல்லை எளிதில் உச்சரிப்போர், அந்தத் தூய்மை உலையின் நடுவில் தானாகப் பிறப்பதில்லை, கடைக்கோடியில் ஒரு மெல்லிய தகட்டால் காக்கப்படுகிறது என்பதை மறக்கலாகாது.

சூரியனுக்கு இந்தக் கவலைகள் இல்லை. அது சாதாரண ஹைட்ரஜனையே எரிக்கிறது; அதற்கு டிரிட்டியம் வேண்டியதில்லை. சாம்பலைத் தன் நடுவிலேயே வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் எரிகிறது. 'பூமியில் ஒரு சூரியன்' என்ற உவமை இந்த இடத்தில்தான் பொய்க்கிறது. மண்ணில் மூட்டும் தீக்கு அளந்து இடும் கையும் சாம்பலைப் பிரிக்கும் அரியும் வேண்டும். அடுத்த முறை ஒரு சாதனைச் செய்தி வரும்போது மெகாஜூல் கணக்கைப் படித்துவிட்டு, நெய்யரியைப் பற்றி அதில் ஒரு வரியேனும் இருக்கிறதா என்று பார்ப்போம்.